ஓடத் தகுதி, சாகத் தகுதி

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என் தலையைத்தான் பார்ப்பார்கள். முடி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் சொந்த முடியா, வைத்த முடியா? அந்தச் சந்தேகம் தீர்ந்த பிறகுதான் கையிலிருக்கும் சாத்துக்குடிப் பையைக் கீழே வைப்பார்கள். என் முடி சொந்த முடி. ஊசி மருந்தை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்ததால் காதை மூடும் அளவுக்கு வளர்ந்து, முன்னைவிடச் சுருட்டையாக வேறு இருந்தது. வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில் முகம் உப்பிக் கன்னம் வந்துவிட்டது. "இன்னாக்கா, ஷோக்கா கீறே! ரொம்ப முடியலன்னு சொன்னாங்கோ?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். சாவு வீட்டுக்குக் கிளம்பி வந்து கல்யாண வீட்டில் நுழைந்துவிட்டவள் முகம் அவளுக்கு.

நோய் என்னவோ பொய்யில்லை. சினைப்பையில் ஆரம்பித்துக் கல்லீரலில் போய்க் குடியேறிவிட்டது. "இனிமே ஊசி போட்டா கஷ்டம்தான் மிச்சம். வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம் இருக்கலாம், முன்னே பின்னே ஆகலாம் என்றார். என் வீட்டுக்காரரோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். சேக்காட்டில் இறங்கியதும், "டீ துன்றியா?" என்றார். டீயை யாராவது தின்பார்களா என்று திட்டினேன். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

நான் ஓடுகிறவள். ஆவடியில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கும் ஆலையில் இருபத்தைந்து வருஷம் மெஷினில் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள். நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்க்க, நடக்கச் சொன்னார்கள். நடந்து நடந்து அலுத்துப்போய் ஓட ஆரம்பித்தேன். விடியற்காலையில் குவார்ட்டர்ஸ் சாலையில் சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக ஒரு பொம்பளை ஓடினால், பால் வாங்கப் போகிறவன் சும்மா போவானா? "இன்னாக்கா, பஸ்ஸ உட்டுட்டியா?" என்பான். ஒருத்தன், "யாருக்கா தொரத்துறது?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தான். நாய்கள் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டன. மனுஷர்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. மூத்தோர் போட்டிகளில் நாலு மெடல் வாங்கியதும் அதே வாய்கள் "எங்க ஏரியா வீராங்கனை" என்று பேனர் வைத்தன. அந்தப் பேனரில் என்னைவிடப் பெரிய படம் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவருடையது.

அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பாரிவாக்கத்துக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றும் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. வயலில் நாற்று நட்ட கை. பிறகு அந்த வயல் பிளாட் ஆனதும் அங்கேயே எழும்பிய அடுக்குமாடியில் கூட்டிப் பெருக்கும் வேலை. "நம்ம நெலத்துல நாமளே தொடப்பம் போட்றது ஒரு குடுப்பன தான?" என்று சிரிப்பாள். கடைசி மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மார்ஃபின் வேண்டும். அது முக்குக்கு முக்கு இருக்கும் மருந்துக் கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்து, புண்ணைத் துடைத்து, குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. அதில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் அந்த ஒருத்திதான், ஒரு ஸ்கூட்டரில். அவள் வந்து சேர்வதற்குள் பாரிவாக்கத்துக்காரி மூன்று நாள் கத்தியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்களாம். இதை அவள் மகள் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். அடுத்த நாற்காலிக்காரி நான்தானே?

அதனால்தான் இரண்டாவது நர்ஸ் ஒருத்திக்கு ஒரு வருஷச் சம்பளம் திரட்ட வேண்டும் என்று கிளம்பினேன். தொண்டு, சேவை, மனிதநேயம் என்று மேடையில் என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் கிடையாது. எனக்கு வலிக்கும்போது ஒரு ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். அப்படியே மற்றவர்களுக்கும் வந்தால் வரட்டும்.

நான் ஓடுவேன், அதற்காக நீங்கள் பணம் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கள் ஜனங்களுக்கு இது விளங்கவேயில்லை. "நீ ஓடினா உனக்கு ஒடம்பு எளைக்கும். நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று ஒருத்தர் நியாயம் கேட்டார். இன்னொரு அம்மாள், "சாவப் போறவங்களுக்கு எதுக்கும்மா நர்ஸு? பொழைக்கிறவங்களுக்குக் குடுத்தாலும் புண்ணியம்" என்றாள், சாவப் போகிற என் முகத்தைப் பார்த்தே. கடைசியில் ஒரு புண்ணியவதி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "அக்கா வேண்டிக்கினு ஓடுதுடி. நாம ஆடி மாசம் நடந்து போறோமில்ல, அது மாதிரி." அவ்வளவுதான், தெருவே விளங்கிக்கொண்டது. மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள். எந்த ஆத்தாளுக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனுஷிக்கு என்றால் விரியாத கை ஆத்தாளுக்கு என்றால் விரிகிறது.

ஆனால் மஞ்சள் துணி முடிச்சில் நர்ஸ் வர மாட்டாள். பெரிய தொகை சங்கத்திடம் இருந்தது. பொங்கலை ஒட்டிச் சங்கம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு ஓட்டம் நடத்தும். அந்த வருஷம் வசூலாவது முழுவதையும், நான் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்தால் நர்ஸுக்கே தருவதாகத் தலைவர் மைக்கில் சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கின பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

தலைவர் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் தாள் கேட்பவர். வருஷா வருஷம் நவம்பரில் இஸ்திரி போட்ட சட்டையோடு பேங்குக்குப் போய், பென்ஷனுக்காகத் தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மின்ன ஒருத்தன் கொழந்தைக்கு ஆபரேஷன்னு நம்ம நகர்லயே வசூல் பண்ணான். கொழந்தையே இல்ல அவனுக்கு. அதனால கமிட்டியில கேக்குறாங்க. உங்களுக்கு இந்த மாதிரின்னு ஒரு சர்டிபிகேட்..."

"எந்த மாதிரி சார்?"

"அதாம்மா... இனிமே குணமாகாதுன்னு."

"சாவப் போறேன்னு சர்டிபிகேட் வேணுமா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க!" என்று வாயில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டு, "லெட்டர்பேட்ல இருந்தா நல்லது, சீல் வெச்சு" என்றார்.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலேயே குரல் வந்தது. "அப்புறம் இன்னொன்னு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஓடுறவங்க எல்லாம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் தரணும். அது எல்லாருக்கும் உள்ள ரூல்."

இரண்டு சர்டிபிகேட்டும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் வாங்கினேன். டாக்டரம்மாவுக்கு எனக்கு மகளாக இருக்கும் வயதுதான். விஷயத்தைக் கேட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "ஓடலாமான்னா ஓடலாம். மாத்திரை போட்டுக்கிட்டு மெதுவா ஓடுங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா இத்தனை நாள்ல செத்துடுவாங்கன்னு எந்த டாக்டரும் எழுத மாட்டாங்கம்மா" என்றார். நோய் முற்றிய நிலை, குணப்படுத்தும் சிகிச்சை நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு தாளில் எழுதினார். பத்து கிலோமீட்டர் ஓடும் உடல்தகுதி உள்ளவர் என்று இன்னொரு தாளில் எழுதினார். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே சீல்.

தலைவர் இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதுல எதும்மா நிஜம்?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும் எப்படிம்மா நிஜமா இருக்கும்? ஓடுற ஒடம்புன்னா நோய் இல்ல. நோய் ஒடம்புன்னா ஓட முடியாது." ஒரு கமிட்டிக்காரர், "பாத்தா நல்லாத்தானே கீறாங்கோ" என்று முணுமுணுத்தார். கடைசியில் முடிவு சொன்னார்கள்: ஓட்டம் நடக்கட்டும், நீங்களும் ஓடுங்கள், பணத்தைப் பற்றி ஓட்டம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தப் 'பேசிக்கொள்ளலாம்' என்கிற வார்த்தையின் அர்த்தம் ஆலையில் இருபத்தைந்து வருஷம் போனஸுக்குக் காத்திருந்தவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து ஆட்டம் ஆடினேன். முண்டங்கள், பொணத்தைக் காட்டினால்தான் சாவை நம்புவார்கள் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் சோறு தின்றுகொண்டே, "பேசாம மொட்ட போட்டுக்கோம்மே. நம்பிடுவாங்கோ" என்றார். கையில் இருந்த கரண்டியை வீசினேன். அது அவர் மேல் படவில்லை. அவரும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஓட்டத்தன்று விடியும் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பனி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கரைப் பாதையிலேயே போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்ப வேண்டும். கொடி அசைந்தது, ஓடினேன்.

அப்படி ஒரு ஓட்டம் எனக்கு நோய் வந்த பிறகு அமைந்ததே இல்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் உடம்பு முரண்டு பிடித்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ, மூச்சும் காலும் ஒத்துப்போய்விட்டன. வயிற்றில் இருந்த பாரம் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பல மாதத்துக்குப் பிறகு என் உடம்பு என்னுடையதாக இருந்தது. பாதி தூரத்தில் திரும்பும்போது, கம்பெனி பெயர் போட்ட பனியன் அணிந்த இரண்டு பையன்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைத் தாண்டினேன். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு போட்டுக்கொண்டேன். நோய்க்காரிக்கு அது பெரிய நேரம்.

எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேசையருகே தலைவர் நின்றிருந்தார். நான் தண்ணீர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனேன். முதுகுக்குப் பின்னால் அவர் யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாத்தீங்களா? மூச்சுகூட வாங்கல. நான் அப்பவே சொன்னேன்."

அவ்வளவுதான், என் சந்தோஷத்தில் மண் விழுந்தது. மிச்ச தூரம் முழுவதும் காலுக்குப் பதிலாக மூளைதான் ஓடியது. நன்றாக ஓடி முடித்தால் நர்ஸ் இல்லை. பாரிவாக்கத்துக்காரி மாதிரி மூன்று நாள் கத்த வேண்டியதுதான், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். ஓடாமல் நின்றுவிட்டாலும் நர்ஸ் இல்லை; முடித்தால்தான் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். இந்த மூடர்களுக்கு நான் ஓடவும் வேண்டும், செத்துக்கொண்டே ஓடவும் வேண்டும்.

முடியும் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும். வளைவு. கயிற்றுக்குப் பின்னால் கூட்டம். மேலே சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஆவதற்கு இன்னும் நிறைய இருந்தது. தலைவர் குறுக்கு வழியில் வந்து கோட்டருகே நின்றுவிட்டிருந்தார். நான் இடம் பார்த்தேன். ஜல்லியில் விழுந்தால் பேன்ட் முட்டியில் கிழியும். நானே தைத்த பேன்ட். ஓரத்தில் மணல் கொட்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே போய் விழுந்தேன்.

"ஐயோ!" என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், ஐந்து மாதமாக வீடு வீடாக நான் பேசிப் பேசி வரவழைக்க முடியாத சத்தம் அது. ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். எல்லாருடைய போனும் உயர்ந்தது. நான் கையை ஊன்றி எழுந்து, வலது காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். வியாதி கல்லீரலில், நான் பிடித்துக்கொண்டதோ காலை. இத்தனை பேரில் ஒரு ஜென்மம், "இன்னாத்துக்குக் கால புடிக்கிறே?" என்று கேட்க வேண்டுமே! மறுபடி ஒருமுறை மண்டியிட்டேன். அதற்குள் தலைவர் ஓடி வந்துவிட்டார். என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்று தேம்பினார். அவர் சட்டை மேல் அவர் கண்ணீர் விழுந்தது. பொய் நான் ஒருத்திதான். மற்றபடி அங்கே எல்லாம் நிஜம். நாங்கள் இரண்டு பேரும் கோட்டைத் தாண்டினபோது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

பணம் அன்று மாலைக்குள் சேர்ந்துவிட்டது. நான் நொண்டும் வீடியோ ஆவடி முழுக்கச் சுற்றியது. சர்டிபிகேட் இரண்டையும் தலைவரே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். இனி எதற்கு அதெல்லாம் என்றார். எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மே, ஏரியாண்ட சோத்தாங்கைப் பக்கத்துக் காலப் புடிச்சினு இருந்தே. ஊட்டுக்கு வரச்சொல்ல பீச்சாங்கைப் பக்கம் நொண்டிகினு வந்தே?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் என் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார்.

மூன்றாவது வாரம் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கால் இரண்டும் வீங்கின. ஷூவுக்குள் பாதம் நுழையவில்லை. வீட்டுக்காரரின் ரப்பர் செருப்புதான். அந்த ஏரிக்கரை ஓட்டத்துக்குப் பிறகு நான் ஓடவில்லை. இனி ஓடப் போவதும் இல்லை.

தலைவர் வாரம் தவறாமல் வருகிறார். சாத்துக்குடியோடுதான். உட்கார்ந்து, நான் விழுந்த கதையை எனக்கே சொல்கிறார். "விழுந்தீங்க பாருங்க, விழுந்தும் எழுந்தீங்க பாருங்க. அதுலதாம்மா எனக்குப் புத்தி வந்தது. என் பேரன்கிட்டகூட அந்த வீடியோவக் காட்டினேன்." அவர் போகும் வரைக்கும் நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது மார்ஃபினுக்கும் அடங்காத வேதனை.

இரண்டாவது நர்ஸ் வந்துவிட்டாள். திருநின்றவூர் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. சேக்காடு, பாரிவாக்கம் எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. அவள் வந்துவிட்டுப் போன ராத்திரி நான் தூங்குகிறேன். போன வாரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "உங்க வீடியோ நானும் பாத்தேன் அக்கா. வேலைக்குச் சேரும்போது ஆபீஸ்ல காட்டினாங்க" என்றாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். மணல் பார்த்து விழுந்தது, காலைப் பிடித்தது, எல்லாம்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக்கொண்டே, "அப்ப நெஜமாவே ஓடி முடிச்சிருக்கலாம் இல்லக்கா?" என்றாள்.

"உன் சம்பளத்துக்கு யாருடி விழுந்திருப்பா?" என்று சீறிவிட்டேன். அவள் உறையில் வேளையை எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பும் வரை கேட்டது.

பாவம், அவளைத் திட்டியிருக்கக் கூடாது. அவள் கேட்டது நிஜம்தான். இருநூறு மீட்டர்தானே? ஓடியிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கால் இருந்தது.